ஊர் வாசம், வேறு சட்டம்: தேக்காவின் இரவுகள்

சனிக்கிழமை மாலை ஆறு மணி என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் பஃபலோ ரோட்டில், மல்லிகைச் சரம் தொங்கும் பூக்கடையைத் தாண்டி, அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்துச் சிமெண்ட் பெஞ்சில் ஒருவர் பீர் டின்னைத் திறந்து ஒரு மிடறு குடிக்கிறார். அவ்வளவுதான், சட்டத்தை மீறியாயிற்று. அதே பெஞ்சில் அதே டின்னைப் புதன்கிழமை மாலை ஆறு மணிக்குக் குடித்திருந்தால் குற்றமில்லை. வட்டாரத்தின் எல்லையைத் தாண்டிப் போய்க் குடித்திருந்தால் சனிக்கிழமையன்றும் குற்றமில்லை. இது தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்களில் ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவர்களும் உண்டு, வேலைக்கு வந்து சில வாரங்களே ஆனவர்களும் உண்டு.

லிட்டில் இந்தியா என்று வரைபடத்தில் இருக்கும் இந்த இடத்தைத் தமிழர்கள் தேக்கா என்றே சொல்கிறார்கள். சிராங்கூன் ரோடுதான் முதுகெலும்பு. இந்தப் பக்கம் ரேஸ் கோர்ஸ் ரோட்டின் வாழை இலைக் கடைகளும் மீன் தலைக் கறியும். அந்தப் பக்கம் டன்லப் தெரு, கேம்பல் லேன், நள்ளிரவு தாண்டியும் விளக்கணையாத சையத் ஆல்வி ரோடு. 1982-இல் கட்டிய தேக்கா நிலையத்தின் கீழே ஈரச்சந்தையும் உணவுக் கடைகளும். கோமள விலாஸ் 1947-இலிருந்து தோசை போடுகிறது. வீரமாகாளியம்மன் கோயில் மணி அடிக்கிறது. கடைப் பலகை தமிழில், பேச்சு தமிழில், பாட்டு இளையராஜா. வந்து இறங்கியவருக்குத் தஞ்சாவூர் கீழவாசலில் நிற்பதுபோல ஆகிவிடுகிறது.

சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். கண்ணுக்கு எல்லாம் ஊர் மாதிரி தெரிவதால் சட்டமும் ஊர்ச் சட்டம்தான் என்று மனசு தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. உண்மையில் சிங்கப்பூரின் பெரும்பாலான பகுதிகளில் இல்லாத கட்டுப்பாடுகள் கூட இங்கே உண்டு. அதே சமயம், ஏமாந்துபோனால் கேட்பதற்கும் இங்கே வழி நன்றாகவே இருக்கிறது. அது பலருக்குத் தெரிவதில்லை. “வெளிநாட்டில் வம்பு எதற்கு” என்று பணத்தை விட்டுவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள்.

முதலில் மதுச் சட்டம். 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, சிங்கப்பூர் முழுவதுமே இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. கடைகளும் இரவு 10.30-க்குப் பிறகு எடுத்துப்போக மது விற்க முடியாது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மட்டும் ‘மதுபானக் கட்டுப்பாட்டு வட்டாரம்’ என்று தனியாக அறிவிக்கப்பட்டவை. இங்கே சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் ஒரு சொட்டும் கூடாது. பொது விடுமுறை என்றால் அதற்கு முந்தின நாள் மாலை 7 மணிக்கே தடை தொடங்கிவிடும். விடுமுறைக்கு மறுநாள் காலை 7 மணிக்குத்தான் முடியும். தீபாவளி சிங்கப்பூரில் பொது விடுமுறை. ஆகவே தீபாவளிக்கு முதல் நாள், கடைத்தெருவில் கூட்டம் நெரியும் அந்த இரவில், கையில் டின்னோடு விளக்கு அலங்காரம் பார்க்க நடப்பது அபராதத்தை விலைக்கு வாங்குவதுதான்.

தண்டனை என்ன? முதல் முறை 1,000 வெள்ளி வரை அபராதம். (சிங்கப்பூர் டாலருக்கு அங்கே தமிழில் வெள்ளி என்றுதான் பெயர்.) திரும்பவும் பிடிபட்டால் 2,000 வெள்ளி வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இது பொதுக் கணக்கு. கட்டுப்பாட்டு வட்டாரத்துக்குள் இது ஒன்றரை மடங்காகும்.

பீரைக் கோலா பாட்டிலில் ஊற்றிக்கொள்வது, டின்னைச் செய்தித்தாளில் சுற்றுவது என்று ஊரிலிருந்து கொண்டுவந்த சாமர்த்தியங்கள் இங்கே செல்லாது. உள்ளே இருப்பது மது என்றால் மதுதான். காவல் அதிகாரி கீழே கொட்டச் சொன்னால் கொட்டிவிட வேண்டும், இடத்தை விட்டுப் போகச் சொன்னால் போய்விட வேண்டும். மறுத்தால் அது தனிக் குற்றம். நிலை தெரியாமல் குடித்துவிட்டுப் பொது இடத்தில் விழுந்து கிடப்பதும் குற்றம்தான்.

எது கூடும் என்பதும் தெளிவாகவே இருக்கிறது. உரிமம் பெற்ற உணவகம், பார், காப்பிக்கடை ஆகியவற்றின் எல்லைக்குள், உரிமத்தில் உள்ள நேரம் வரை, பதினெட்டு வயது நிரம்பியவர் உட்கார்ந்து குடிக்கலாம். நடைபாதையில் போட்ட மேசையும் உரிம எல்லைக்குள் வருவதாக இருந்தால் பிரச்சினையில்லை. அந்த எல்லையிலிருந்து கிளாஸோடு நான்கடி வெளியே வந்து போன் பேசுவதுதான் வினை. மூடி திறக்காத பாட்டிலைப் பையில் போட்டு அறைக்குக் கொண்டுபோவதில் தவறில்லை. ஆனால் வார இறுதியில் இந்த வட்டாரத்துக் கடைகள் மற்ற நாள்களைவிட முன்னதாகவே மது விற்பனையை நிறுத்திவிடும்.

இந்தத் தனி விதிக்குப் பின்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு இருக்கிறது. 2013 டிசம்பர் 8. ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹாம்ப்ஷையர் ரோடும் சேரும் இடத்தில், தொழிலாளர்களை விடுதிக்கு அழைத்துப்போகும் தனியார் பேருந்தின் அடியில் சிக்கித் தமிழ்நாட்டைச் சேர்ந்த 33 வயதுக் கட்டுமானத் தொழிலாளி இறந்துபோனார். கூட்டம் கொதித்தது. காவல் வாகனங்கள் கவிழ்க்கப்பட்டன, ஆம்புலன்ஸ் எரிந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்படி ஒரு கலவரத்தைப் பார்த்திராத நாடு அது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, விபத்து, மீட்புப் பணியாளர்கள் நடந்துகொண்ட விதம் பற்றிய தவறான புரிதல், குடிபோதை ஆகியவற்றைக் காரணங்களாகச் சொன்னது. அதற்கடுத்த ஆண்டு தற்காலிகச் சட்டம் வந்தது, 2015-இல் நிரந்தரச் சட்டம் வந்தது.

சட்டத்தின் சுமை எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாரில் உட்கார்ந்து ஒரு கிளாஸுக்குப் பதினைந்து வெள்ளி கொடுக்க முடிந்தவருக்கு வார இறுதித் தடை ஒரு பொருட்டே இல்லை. வாரத்தில் ஒரே நாள் விடுப்பு, அதுவும் ஞாயிறு என்றிருக்கும் தொழிலாளிக்குப் புல்தரையும் நண்பர்களும் கடையில் வாங்கிய டின்னும்தான் கட்டுப்படியாகும். தடை விழுந்தது சரியாக அந்த நாளில்தான். இந்த முறைப்பாடு நியாயமானது. ஆனால் அபராதச் சீட்டு எழுதுகிறவரிடம் இந்த வாதத்தை எடுத்துவைத்துப் பயனில்லை.

பாருக்குள் போனால் ஆபத்து வேறு உருவத்தில் வரும். தமிழ், இந்திப் பாட்டுக்கு மேடையில் பெண்கள் ஆடும் கேளிக்கை விடுதிகள் சிங்கப்பூரில் பல ஆண்டுகளாக இருக்கின்றன. அங்கே பணம் கரைவது மதுவில் மட்டுமில்லை. ஆடுகிறவருக்கு மாலை வாங்கிப் போடுவது, கிரீடம் சூட்டுவது, பட்டை அணிவிப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. பிளாஸ்டிக் பூ மாலைதான். போட்டு எடுத்துவிட்டு அடுத்தவருக்கும் அதையே விற்பார்கள். விலை நூறுகளில் போகும், சமயத்தில் ஆயிரத்தையும் தொடும். பரிமாறுகிறவர் “ஒண்ணு போடலாமா அண்ணே?” என்று காதோரம் கேட்பார், இரைச்சலில் தலையாட்டினால் கணக்கில் ஏறிவிடும்.

விலை கேட்காமல் எதற்கும் தலையாட்டாதிருப்பதே பாதிப் பாதுகாப்பு. ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டிவிடுவது மீதி. பில்லில் ஒவ்வொரு பொருளும் விலையோடு எழுதியிருக்கும்படி கேட்கலாம். சொல்லாத பொருளுக்குப் பணம் தர மறுக்கலாம். சொன்னதற்கான பணத்தைக் கட்டிவிட்டு, தகராறுள்ள தொகையைக் குறித்துவைத்துக்கொண்டு, ரசீதோடு வெளியே வருவதே சரியான முறை. வாசலை மறித்து நின்று போகவிடாமல் தடுத்தால், அப்படித் தடுப்பதே குற்றவியல் சட்டப்படி குற்றம். 999-ஐ அழைக்கலாம். பேசினால் ஆபத்து என்ற நிலையில் 70999 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.

மேடையில் ஆடுகிறவர் எப்படி அங்கே வந்தார் என்று வாடிக்கையாளர்கள் யோசிப்பது குறைவு. 2020 பிப்ரவரியில் இரவு விடுதி நடத்திய ஒரு தம்பதிக்குத் தலா ஐந்தரை ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. பங்களாதேஷிலிருந்து நடனமாட வந்த மூன்று பெண்களைச் சம்பளத்தைப் பிடித்துவைத்தும், வெளியே போகவிடாமலும் வேலை வாங்கியதுதான் வழக்கு. உழைப்புச் சுரண்டலுக்காக ஆள் கடத்தியதாக சிங்கப்பூரில் கிடைத்த முதல் தண்டனை அது. 2014-இல் நிறைவேறிய ஆள்கடத்தல் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 10 ஆண்டு வரை சிறை, 1,00,000 வெள்ளி வரை அபராதம், பிரம்படியும் உண்டு.

“மூன்று மாதம் ஆடினால் போதும், சுற்றுலா விசாவில் போய் வரலாம்” என்று தமிழ்நாட்டில் யாராவது ஆசை காட்டினால் அது பொறி. வேலை அனுமதி இல்லாமல் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். பாரில் மட்டுமில்லை, தெரிந்தவர் உணவகத்தில் சம்பளத்துக்கு இரண்டு வாரம் பாத்திரம் கழுவினாலும் இதே சட்டம்தான்.

இனி சாப்பாடு. தேக்கா நிலையத்தில் பிரியாணியோ பிரதாவோ வாங்கினால் பலகையில் எழுதிய விலைதான் கொடுக்க வேண்டிய விலை. குளிர்சாதன உணவகத்தில் அப்படியில்லை. விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கும். ஒன்று சேவைக் கட்டணம், வழக்கமாக 10 விழுக்காடு. மற்றது பொருள் சேவை வரி, 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. வரி சேவைக் கட்டணத்தின் மீதும் விழும். 20 வெள்ளி மீன் கறிக்குச் சேவைக் கட்டணம் 2 வெள்ளி. அந்த 22-க்கு வரி 1 வெள்ளி 98 காசு. ஆக 23 வெள்ளி 98 காசு.

இங்கே இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ஒரு சண்டையைத் தொடங்குவதுண்டு. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி உணவகம் சேவைக் கட்டணத்தைக் கட்டாயப்படுத்த முடியாது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பைத் தேக்காவில் காட்ட முடியாது. சிங்கப்பூரில் சேவைக் கட்டணம் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்தால் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் ‘முன்கூட்டியே’ என்பதில்தான் வாடிக்கையாளரின் பிடி இருக்கிறது. வரி உள்ளிட்ட விலையைத்தான் காட்ட வேண்டும் என்பது அங்கே பொது விதி. சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் விலக்கு. அவர்களும் இவை இரண்டும் தனியாகச் சேரும் என்று கண்ணில் படும்படி எழுதியிருக்க வேண்டும். வரிப் பதிவு இல்லாத கடை வரி வாங்கக் கூடாது. பதிவு இருக்கிறதா என்பதை உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம்.

சில உணவகங்களில் உட்கார்ந்ததுமே கேட்காமலே ஈரத் துவாலையும் வேர்க்கடலையும் மேசைக்கு வரும். அவை இலவசமில்லை. தொடாமல் திருப்பிக் கொடுத்தால் பில்லில் சேர்க்கக் கூடாது. இரண்டு வெள்ளி விஷயம்தான், ஆனாலும் கேட்டுத் திருப்பிக் கொடுப்பதில் வெட்கமில்லை. உள்ளூர்க்காரர்கள் தினமும் செய்வதுதான்.

பெரிய தொகை போவது எடைபோட்டு விற்கும் கடல் உணவில். 2009-இல் நியூட்டன் உணவங்காடி நிலையத்தில் அமெரிக்கச் சுற்றுப்பயணிகள் ஆறு பேர் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு 491 வெள்ளி பில் வந்தது. அதில் எட்டு இறாலுக்கு மட்டும் 239 வெள்ளி. அவர்கள் புகார் செய்தார்கள். விசாரித்த தேசியச் சுற்றுப்புற வாரியம் அந்தக் கடையை மூன்று மாதம் மூடவைத்தது. மீன் தலையோ நண்டோ, ‘சந்தை விலை’ என்று எழுதியிருந்தால் அடுப்பில் ஏறுவதற்கு முன்பு எடை என்ன, மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் கேட்டுவிட வேண்டும். நூறு கிராமுக்கான விலையை முழு மீனுக்கான விலை என்று படித்துவிட்டுப் பிறகு விழிப்பவர்கள் ஏராளம்.

சிங்கப்பூரில் சாப்பாடு சுத்தமாக இருக்கும் என்பது பொதுவாக உண்மை. அதை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. 2009 ஏப்ரலில் கேலாங் சிராயின் தற்காலிகச் சந்தையில் இந்திய ரோஜாக் சாப்பிட்ட 154 பேர் நோயுற்றார்கள், இரண்டு பேர் இறந்தார்கள். கடல் உணவிலிருந்து வரும் விப்ரியோ என்ற கிருமி மற்ற உணவில் தொற்றியதுதான் காரணம். பொரித்து மணிக்கணக்காக அடுக்கி வைத்த வடையும் இறாலும், பச்சைக் கடல் உணவை வெட்டிய அதே கத்தியில் நறுக்கப்படுகிறதா என்று பார்ப்பது நல்லது. உணவுக் கடை ஒவ்வொன்றும் உரிமத்தைப் பார்வையில் மாட்டியிருக்க வேண்டும். வயிறு கெட்டால் மருத்துவரிடம் போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டு, எங்கே என்ன எப்போது சாப்பிட்டோம் என்பதையும் சேர்த்து சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் தெரிவிக்கலாம். ஒருவர் சொல்லும்போது புகார், பத்துப் பேர் சொல்லும்போது கண்டுபிடிப்பு.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை அப்படியே விட்டு எழுந்துபோவது ஊர்ப் பழக்கம். உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பர் முதல் இது சட்ட விரோதம். தட்டையும் கசக்கிப் போட்ட டிஷ்யூவையும் திருப்பி வைக்கும் இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். முதல் முறை எழுத்து எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி. இன்னொன்று, காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் கிடந்தால் அது யாரோ இடம் பிடித்து வைத்தது. சட்டத்தில் இதற்கு எந்த மதிப்பும் இல்லை. ஆனால் அதை எடுத்துவிட்டு உட்கார்ந்தால் கிடைக்கும் பார்வை சட்டத்தைவிடக் கடுமையாக இருக்கும்.

சட்டைப் பையில் இருப்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரில் பெட்டிக்கடையில் தொங்குகிற குட்கா, கைனி, ஜர்தா எல்லாம் சிங்கப்பூரில் தடை செய்யப்பட்டவை. விற்பது மட்டுமல்ல, 2018 முதல் வைத்திருப்பதும் குற்றம். இ-சிகரெட்டுக்கும் அப்படியே. புகைப்பதற்கான வயது 21. ஊரிலிருந்து கொண்டுவரும் சிகரெட்டுக்கு வரிச்சலுகை கிடையாது, ஒரு பாக்கெட் ஆனாலும் சுங்கத்தில் சொல்லி வரி கட்ட வேண்டும். பின்சந்துகளில் பாதி விலைக்குச் சிகரெட் விற்கும் ஆள் வந்து நின்றால் அது வரி கட்டாத சரக்கு; விற்பவரைப் போலவே வாங்குபவரும் சிறைக்குப் போகக்கூடும். போதைப்பொருள் பற்றிச் சொல்லவே வேண்டாம். 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை உள்ள நாடு அது. யாரோ கொடுத்த பையை யாருக்கோ கொடுப்பதற்காகக் கையில் வாங்கிக்கொள்ளும் உபகாரத்தை ஊரோடு விட்டுவிட வேண்டும்.

பெண்கள் தனியாக நடந்து போக தேக்கா பொதுவாகப் பாதுகாப்பான இடம்தான். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நெரிசல் மட்டும் அதிகம். நெரிசலைச் சாக்காக வைத்து யாராவது கை வைத்தால் அது மானபங்கக் குற்றம்: 3 ஆண்டு வரை சிறை, அபராதம், பிரம்படி. தெரு முழுக்கக் கேமராக்கள் இருப்பதால், நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு உடனே 999-க்குச் சொன்னால் ஆளைப் பிடிப்பது பெரும்பாலும் நடக்கிற காரியம். “ஊருக்குத் தெரிந்தால்” என்று தயங்கத் தேவையில்லை. இப்படிப்பட்ட வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட நீதிமன்றம் தடை விதிப்பது வழக்கம்.

கடைசி ரயில் ஏறக்குறைய நள்ளிரவில் போய்விடும். நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை டாக்சி மீட்டரில் பாதி மடங்கு கூடுதலாகக் காட்டும். அது ஏமாற்று இல்லை, முறையான கட்டணம்தான். மீட்டர் போடாமல் மொத்தமாகப் பேரம் பேசுகிறவர்தான் தவிர்க்க வேண்டிய ஆள்.

தேக்காவுக்குச் சாப்பிட வருகிறவர்கள் கையோடு நகையும் கைப்பேசியும் வாங்கிப் போவதால் கடை ஏமாற்றும் இந்தக் கதையில் சேரும். நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் சிம் லிம் சதுக்கத்தில் 2014-இல் வியட்நாம் தொழிலாளி ஒருவர் 950 வெள்ளி கொடுத்துக் கைப்பேசி வாங்கினார். படிக்காமல் போட்ட கையெழுத்தைக் காட்டி உத்தரவாதத்துக்கென்று மேலும் 1,500 வெள்ளி கேட்டார்கள். அவர் கடையில் முழந்தாளிட்டுக் கெஞ்சிய காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. அப்படியும் அவருக்குக் கடை திருப்பிக் கொடுத்தது 400 வெள்ளிதான். ஆனால் கதை அதோடு முடியவில்லை. மறு ஆண்டு அந்தக் கடை உரிமையாளருக்கு மோசடிக் குற்றத்தில் 33 மாதச் சிறை கிடைத்தது.

முழந்தாளிட வேண்டிய அவசியமே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான தகராறுகளை விசாரிக்கும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதியே இல்லை என்பதால் அந்தச் செலவு கிடையாது. 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு நுகர்வோர் கட்ட வேண்டியது வெறும் 10 வெள்ளி. இரண்டு ஆண்டுக்குள் இணையத்திலேயே தொடுக்கலாம். சுற்றுப்பயணிகள் ஊர் திரும்புவதற்குள் விசாரிக்க முன்னுரிமை தரும் ஏற்பாடும் உண்டு. 1971 முதல் இயங்கும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் கடையோடு பேசிச் சமரசம் செய்துவைக்கும். இவை எல்லாவற்றுக்கும் ரசீது வேண்டும். “ரசீது இல்லாமல் என்றால் பத்து வெள்ளி குறைச்சுத் தரேன்” என்று சொல்லும் கடையில், அந்தப் பத்து வெள்ளிக்கு விற்றுவிடுவது இந்த உரிமை முழுவதையும்தான்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் காவலர் நிறுத்திக் கேட்கும் நேரம் வரலாம். கடவுச்சீட்டையோ வேலை அனுமதியையோ காட்ட வேண்டும்; பெயரையும் முகவரியையும் மாற்றிச் சொல்வது புதிய குற்றத்தைச் சேர்த்துக்கொள்வது. கைதானால் அரசியல் சட்டத்தின் 9-ஆவது பிரிவு துணைக்கு இருக்கிறது: கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துபேச அனுமதிக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். வழக்கறிஞரைப் பார்ப்பது கைதான அந்த நிமிடமே கிடைக்கும் என்றில்லை, நியாயமான நேரத்துக்குள் என்பதே நடைமுறை.

தமிழ் அங்கே ஆட்சிமொழி. ஆங்கிலம் சரியாக வராதவர், வாக்குமூலத்தைத் தமிழில் படித்துக்காட்டும்படி கேட்கலாம். படித்துக்காட்டியபின் தவறு இருந்தால் திருத்தச் சொல்லலாம். அதற்குப் பிறகே கையெழுத்து. சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று நினைத்துப் புரியாத தாளில் போடும் கையெழுத்தை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்வது மிகக் கடினம். இந்தியக் குடிமக்கள் கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி காவலரிடம் கேட்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வரும் தொழிலாளிக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. சம்பளம் வராமலும் காயம்பட்டு வேலை இல்லாமலும் தவிக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ‘டிடபிள்யூசி2’ என்ற தொண்டு அமைப்பு 2008-இலிருந்து இந்த வட்டாரத்தில் இலவசச் சாப்பாடு தருகிறது; சாப்பாட்டோடு வழக்கு ஆலோசனையும் கிடைக்கும். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692 என்ற எண் இருபத்து நான்கு மணி நேரமும் எடுக்கப்படும். பாரில் போன பணத்தைவிட முதலாளியிடம் நின்றுபோன சம்பளம்தான் இங்கே பலருக்குப் பெரிய இழப்பு என்பதால் இதைக் குறித்துவைத்துக்கொள்வது முக்கியம்.

தேக்காவுக்குக் கிளம்புமுன் நான்கு எண்களைக் கைப்பேசியில் சேமித்துவிடுங்கள். காவல் துறைக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 995, மோசடியோ என்று சந்தேகம் வந்தால் 1799, பேச முடியாத நெருக்கடியில் குறுஞ்செய்திக்கு 70999. நாள் சனியா ஞாயிறா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.